புலி மூன்று, ஆடு பதினைந்து, ஆள் பன்னிரண்டு

"கேம் ஆப் பண்ணப் போறோம்" என்று உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள் நண்பர்களே! அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும், ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்த வீடாக இருந்தாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று, "முதல்ல அரியரை முடி!" இரண்டு, "என்னடா... ரம்மியா?"

எங்கள் வீட்டில் வந்தது இரண்டாவது. கேட்டது அம்மா. கேட்டுவிட்டு அடுப்பைக்கூட அணைத்துவிட்டார். காரணம் இருக்கிறது. என் சித்தப்பா ஆவடி ரோட்டில் சொந்தமாக ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். போனில் ரம்மி ஆடி ஒன்றே முக்கால் லட்சம் போனது. ஆட்டோவும் போனது. இப்போது வேறொருவரின் வண்டியைத் தினவாடகைக்கு ஓட்டுகிறார். "மொத நாளு ஆயிரத்து எரநூறு ஜெயிச்சேன் தம்பி. அன்னிக்கு மட்டும் தோத்திருந்தா பொழைச்சிருப்பேன்" என்று அவர் ஒருமுறை சொன்னதை நான் மறக்கவில்லை. எங்கள் குடும்பக் கதை மட்டுமா இது? தமிழ்நாட்டில் இதற்காக எத்தனை சட்டம் போட வேண்டி வந்தது! 2020 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம். அதையொட்டி வந்த சட்டத் திருத்தத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி 2022 அக்டோபரில் அவசரச் சட்டம், 2023 ஏப்ரலில் முழுச் சட்டம். கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

ஆக, அம்மாவுக்கு 'கேம் ஆப்' என்றால் அதுதான். "எங்க ஆட்டத்துல காசே கிடையாதும்மா" என்றேன். "உங்க சித்தப்பாவும் காசு வராதுன்னு தெரிஞ்சா ஆடுனாரு?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் நான்கு பேர். கம்ப்யூட்டர் பிரிவில் நானும் பட்டாபிராம் நண்பனும் இதையே ஆறாம் செமஸ்டர் புராஜெக்டாக எடுத்துக்கொண்டோம். மெக்கானிக்கல் நண்பன் ஒருவனும், எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பூந்தமல்லித் தோழியும் மார்க் எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே வந்து சேர்ந்தார்கள். (அவர்கள் இருவரும்தான் அதிகம் உழைத்தார்கள் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் அவர்கள் பெயர் போட இடமில்லை.)

என்ன ஆட்டம்? முதல் வாரம் முழுக்க ஆகாயக் கோட்டைதான். கார் ரேஸ், துப்பாக்கி, ஜாம்பி! பட்டாபிராம் நண்பன் முப்பது லெவல் கதையே எழுதிவிட்டான். லேபில் இருப்பது 4 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய மெஷின்கள்; படம் வரையத் தெரிந்தவர் எங்களில் எவருமில்லை. பிறகுதான் ஒரு யோசனை வந்தது. நவி மும்பையிலிருந்து 2016-ல் வந்த லூடோ கிங் எப்படி இத்தனை கோடி போன்களுக்குப் போனது? விகாஷ் ஜெய்ஸ்வால் புது ஆட்டம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோருக்கும் ஏற்கனவே தெரிந்த ஆட்டத்தைப் போனுக்குள் வைத்தார். அவ்வளவுதான். நமக்கும் ஏற்கனவே தெரிந்தது ஒன்று இருக்கிறதே... ஆடுபுலி ஆட்டம்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழே விரியும் நான்கு கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டும் மூன்று கோடுகள். ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளி. அடியில் நான்கு புள்ளி. மொத்தம் 23. புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லா ஆடும் இறங்கிய பிறகே அவை நகரலாம். பக்கத்திலிருக்கும் ஆட்டைத் தாண்டி நேர்க்கோட்டில் அடுத்த இடம் காலியாக இருந்தால் புலி குதித்து வெட்டும். மூன்று புலியையும் நகர முடியாமல் அடைத்துவிட்டால் ஆடு ஜெயிக்கும்.

எத்தனை ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி? இதைக் கேட்டதுதான் தாமதம், நான்கு வீட்டிலும் சண்டை! எங்கள் அம்மா செய்யாறு பக்கம். "அஞ்சு ஆடு போனா ஆட்டம் போச்சு" என்றார். பட்டாபிராம் நண்பனின் பாட்டி திருநெல்வேலி. "ஆறு ஆடுல்லா!" என்றார். மெக்கானிக்கல் நண்பனின் தாத்தாவோ, கடைசி ஆடு வரைக்கும் வெட்டணும் என்று ஒரே பிடி. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடும்போது இது பிரச்சினையே இல்லை. உட்காரும்போதே பேசிக்கொள்வார்கள். கம்ப்யூட்டருக்குப் 'பேசிக்கொள்வது' தெரியாதே! ஐந்தா, ஆறா, ஒரு எண்ணைச் சொல் என்கிறது. ஐந்து என்று எழுதினோம். சாப்பாடு போடுவது அம்மாதானே!

எதில் செய்வது என்பதற்கு அதிக நாள் ஆகவில்லை. கோடோ என்ற என்ஜின் இலவசம். அர்ஜென்டினாவில் இருவர் உருவாக்கி 2014-ல் மூல நிரலோடு உலகத்துக்கே திறந்துவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினிலும் 'கம்பாட்டிபிலிட்டி' என்ற முறையில் ஓடுகிறது. ஜூனியர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி: இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் நிறைய பழைய 3-ஆம் பதிப்புக்கானவை. தமிழ் மாதிரியான எழுத்துகளைக் கூட்டிச் சேர்க்கும் வசதி அந்தப் பதிப்பில் கிடையாது. 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று திசைக்கொன்றாக நிற்கும். 2023 மார்ச்சில் வந்த 4-ஆம் பதிப்பில்தான் அந்த வசதி வந்தது. தமிழில் ஏதாவது செய்வதாக இருந்தால் 4-லிருந்தே தொடங்குங்கள்.

இனி மெக்கானிக்கல் நண்பனின் காண்டம். 23 புள்ளிகளையும் ஆட்டோகேடில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எக்ஸ், ஒய் எழுதிக் கொண்டுவந்தான். போனில் போட்டுப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. நான் அதை எஸ்டேட்டில் அப்பா வேலை செய்யும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஜாப் பிடித்த கை அவருடையது. உச்சியை ஒட்டிய வரிசையில் ஒரு புள்ளியைத் தொட்டால் பக்கத்துப் புள்ளியில் ஆடு இறங்கியது. "உங்க ஆட்டம் காலேஜ் பசங்க விரலுக்குத்தாண்டா" என்று சிரித்தார்.

மறுநாள் என் மெக்கானிக்கல் நண்பன் என்ன செய்தான் தெரியுமா? வெர்னியர் காலிப்பரோடு பட்டறைக்கே வந்துவிட்டான்! அப்பா, ஃபிட்டர் அண்ணன், டீ கொண்டுவந்த பையன் என்று எல்லோர் கட்டைவிரலையும் போன் கண்ணாடியில் அழுத்தச் சொல்லி, ஒட்டிய எண்ணெய்த் தடத்தை அளந்தான். தொடும் இடம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டின் வழிகாட்டிக் குறிப்பே சொல்கிறது. எங்கள் முதல் வரிசையில் இருந்தது 5 மில்லிமீட்டர். நான்கு கோடும் உச்சியில் ஒன்றுகூடுவதால் மேலே போகப் போக நெருக்கம்தான். என்ன வழி? முதல் வரிசையைக் கீழே இறக்கினான். கோடுகள் அதே கோடுகள், இணைப்புகள் அதே இணைப்புகள். உச்சி மட்டும் கோபுரம் மாதிரி உயர்ந்து நின்றது. எல்லா இடத்திலும் 9 மில்லிமீட்டருக்கு மேல் கிடைத்தது. கம்ப்யூட்டர் பிரிவில் எங்களுக்கு எவரும் வெர்னியர் கொடுத்ததில்லை!

புலியின் மூளை என் பங்கு. முதலில் எழுதிய புலி வெறும் பசித்த புலி. வெட்ட முடிந்தால் வெட்டும், இல்லாவிட்டால் எங்காவது நகரும். பூந்தமல்லித் தோழியின் அத்தை அதைப் பத்தே நிமிடத்தில் அடைத்துவிட்டார். இந்த அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-லிருந்து 2014 நவம்பர் 1 வரை நடந்ததும், அந்தக் காலத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போனதும் உங்களில் பலருக்கு வீட்டில் சொல்லித் தெரிந்திருக்கும். அத்தை அந்தப் பக்கத்திலேயே இப்போது வேறொரு கம்பெனியில் போன் பூட்டும் லைனில் நிற்கிறார். ஒரு நாளில் எத்தனையோ நூறு போன்கள் அவர் கையைத் தாண்டிப் போகும். போனில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆட்டம், 1997-ல் டானெலி ஆர்மான்டோ என்பவர் நோக்கியா 6110-க்காக எழுதிய பாம்பு ஆட்டம்தான். அவரிடம் தோற்ற புலியை வெளியில் விட மானம் இடம் கொடுக்குமா?

செஸ் ஆடக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று 1950-லேயே கிளாட் ஷானன் கட்டுரை எழுதியிருக்கிறார். அதே வழிதான். நான் இப்படிப் போனால் அவன் எப்படிப் போவான், அதற்கு நான் எப்படி... என்று நாலு நகர்த்தல் முன்னால் பார்த்து, மோசமான வழிகளை வெட்டிவிட்டு, மிச்சத்தில் நல்லதைப் பிடிப்பது. வெட்டிய ஆட்டுக்கு இத்தனை மதிப்பெண், புலிக்கு நகரக் காலியிடம் இருந்தால் இத்தனை என்று நானே எண்கள் கொடுத்தேன். வெட்டுக்கு அதிக எண் கொடுத்தால் புலி பேராசையில் போய் மாட்டிக்கொள்கிறது. காலியிடத்துக்கு அதிகம் கொடுத்தால் பயந்தாங்கொள்ளியாகி ஓடிக்கொண்டே இருக்கிறது. நேபாளத்தில் நாலு புலி, இருபது ஆடு வைத்து ஆடும் பாக் சால் என்ற ஆட்டத்தை ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரில் முழுக்க அலசி, இரண்டு பக்கமும் தவறே செய்யாவிட்டால் டிராதான் என்று நிரூபித்திருக்கிறார்கள். நம் 23 புள்ளிக்கு நான் அவ்வளவு தூரம் போகவில்லை. அத்தை மூன்று முறை தோற்றார், அது போதும் என்று விட்டேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

ஆப்பை ஸ்டோரில் போட 25 டாலர் ஒருமுறைக் கட்டணம். நம் காசில் இரண்டாயிரத்துக்கு மேல். நால்வரும் பகிர்ந்துகொண்டோம். கணக்கு திறக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பட்டாபிராம் நண்பன் மூத்தவன். ஆனால் பெரிய தடை வேறு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு திறப்பவர்கள், ஆப்பை ஊருக்கு விடுவதற்கு முன்னால் ஆட்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று கூகுள் விதி போட்டிருக்கிறது. முதலில் 20 பேர் என்றிருந்து, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். 12 பேர், தொடர்ச்சியாக 14 நாள், நடுவில் விலகக் கூடாது!

நம் வகுப்பிலேயே 12 பேர் கிடைப்பார்களே என்பீர்கள். கிடைத்தார்கள். மூன்றாம் நாள் ஐந்து பேர் காணோம். இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டார்கள். அப்போதுதான் பட்டாபிராம் நண்பன் ஒரு திட்டம் சொன்னான். "மச்சான், தினமும் வந்தா காயின் கொடுப்போம். ஏழு நாள் வந்தா தங்கப் புலி. ஒரு நாள் விட்டா எல்லாம் போயிடும்னு போடுவோம். ராத்திரி ஒம்போது மணிக்கு 'உங்கள் ஆடு காத்திருக்கிறது'ன்னு ஒரு நோட்டிபிகேஷன். அப்புறம் புதுசா வர்றவனை மொத மூணு ஆட்டம் ஜெயிக்க விட்டுடுவோம்டா. எவனும் போகமாட்டான்!"

அவன் கெட்டவன் அல்ல. கடையில் கிடைக்கும் ஆட்டங்களில் இருப்பதைத்தான் சொன்னான். பாடங்களிலும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குச் சித்தப்பாவின் குரல் கேட்டது. "மொத நாளு ஜெயிச்சேன் தம்பி..." அது வேறு, இது வேறு என்று அவன் வாதாடினான். காசு இல்லையே என்றான். காசு இல்லாமலே நேரத்தைப் பிடுங்கலாமே என்றேன். வியட்நாமில் டாங் நுயென் என்ற இளைஞர் 2013-ல் தனியாளாக ஃபிளாப்பி பேர்ட் செய்தார். உலகமே ஆடியது. விளம்பரத்தில் பணம் கொட்டியது. ஜனங்கள் அதற்கு அடிமையாகிப் போகிறார்கள் என்று சொல்லி 2014 பிப்ரவரியில் அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். "அவர்கிட்ட காசு சேர்ந்தப்புறம் எடுத்தாரு. நம்மகிட்ட பன்னெண்டு பேரே இல்லையேடா!" என்றான் நண்பன். நியாயமான கேள்வி. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

பூந்தமல்லித் தோழிதான் முடித்து வைத்தாள். "நோட்டிபிகேஷனை நாமே நடந்துபோய்க் கொடுப்போம்" என்றாள். வேறு 15 பேர் பிடித்தோம், மூன்று பேர் ஸ்பேர்! பட்டறை ஃபிட்டர் அண்ணன், ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீ மாஸ்டர், அத்தையும் அவரோடு லைனில் நிற்கும் இரண்டு அக்காக்களும், திருமுல்லைவாயலில் டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சர், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடக்கும் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் இருவர்... இப்படி. தினம் மாலை நாங்கள் ஆளுக்கு நாலு பேராகப் பிரித்துக்கொண்டு, "ஆடினீங்களா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தோம். பால் கார்டுக்காரர் மாதிரி ஒரு நோட்டில் டிக் அடித்தோம். டீ மாஸ்டர் விலகாமல் இருக்க நாங்கள் குடித்த டீயின் கணக்கு தனி.

பதினைந்தாவது ஆள் யார் தெரியுமா? சித்தப்பா. நான் கேட்கவில்லை. அவரே கேட்டார். அம்மா முறைத்த முறைப்பு இருக்கிறதே! ஆப்பைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல காசு எங்க தம்பி கட்டணும்?" கட்ட வேண்டாம் என்றேன். "அப்புறம் தோத்தா என்ன போவும்?" ஒன்றும் போகாது என்றேன். சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆடத் தொடங்கினார்.

ஒன்பதாம் நாள் இரவு அம்மா என்னை எழுப்பினார். மணி பன்னிரண்டரை. சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்து இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார், வந்து பார் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. போய்ப் பார்த்தால் அது ஒரே ஆட்டம்! ஒன்றேகால் மணி நேரமாக ஒரே ஆட்டம். இவர் ஓர் ஆட்டை முன்னே நகர்த்துகிறார்; புலி விலகுகிறது. ஆட்டைப் பின்னே எடுக்கிறார்; புலி திரும்பி வருகிறது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. "எழுந்திருக்கலாம்னா அது விடமாட்டேங்குது தம்பி. முடியவும் மாட்டேங்குது" என்றார்.

இதற்கு எந்த ஊர் விதியும் எங்களிடம் இல்லை. செய்யாறிலும் இல்லை, திருநெல்வேலியிலும் இல்லை. மறுநாள் அம்மாவிடம் கேட்டேன்: "உங்க ஊர்ல இப்படி ஆட்டம் முடியாமப் போனா என்னம்மா பண்ணுவீங்க?" அம்மா யோசிக்கவே இல்லை. "என்ன பண்றது? எங்க அம்மா உள்ளேருந்து 'சோறு ஆறுது, எழுந்து வாங்கடி'ன்னு கத்தும். கோட்டை அழிச்சிட்டுப் போவோம்" என்றார்.

திண்ணையில் விதி தேவைப்படவில்லை, கூப்பிட ஆள் இருந்தது. போனுக்குள் கூப்பிட யாரும் இல்லை! அன்று மாலை நான்கு பேரும் லேபில் உட்கார்ந்து அந்த ஆளை எழுதினோம். ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் ஆட்டம் டிரா. ஆட்டம் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்காது. வெறும் கட்டம்தான் நிற்கும். தொடர்ந்து மூன்று ஆட்டம் ஆடினால் ஒரு பெண் குரல் வரும்: "சோறு ஆறுது, எழுந்து வா!" குரல் அம்மாவுடையது. தோழியின் போனில் பதிவு செய்தோம். நாலு டேக் ஆனது, ஏனென்றால் மைக்கைப் பார்த்ததும் அம்மா செந்தமிழில் பேசத் தொடங்கிவிட்டார். இந்த யோசனையைச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? தங்கப் புலி கேட்ட அதே பட்டாபிராம் நண்பன்!

14 நாள் முடிந்தது. நடுவில் ஃபிட்டர் அண்ணனின் போன் தண்ணீர் டிரம்மில் விழுந்தது, ஓர் அக்கா போனை மாற்றினார். ஸ்பேர் வைத்திருந்ததால் பிழைத்தோம். விண்ணப்பித்து, ஒரு வாரம் நகம் கடித்து, அனுமதி வந்தது. இதை எழுதும் இன்று வரை இறக்கியவர்கள் 340 பேர். விளம்பரம் இல்லை, வருமானம் பூஜ்யம். வைவாவில் வெளித் தேர்வாளர், "இதுல ரெவின்யூ மாடல் என்னப்பா?" என்று கேட்டார். அம்மாவின் குரலை ஓட விட்டோம். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அமெரிக்காவில் டிஜிபென் என்ற கல்லூரி மாணவர்கள் 2005-ல் நார்பாகுலர் டிராப் என்றொரு ஆட்டத்தைப் புராஜெக்டாகச் செய்தார்கள். அதைப் பார்த்த வால்வ் கம்பெனி அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்தது. 2007-ல் வந்த போர்ட்டல் அதிலிருந்து வளர்ந்ததுதான். எங்களை எந்தக் கம்பெனியும் இன்னும் கூப்பிடவில்லை. மெக்கானிக்கல் நண்பன் எஸ்டேட்டில் அப்ரன்டிஸாகச் சேருகிறான். சித்தப்பா வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆடுகிறார். குரல் வந்ததும் "தோ வந்துட்டேன் அண்ணி" என்று போனைக் கவிழ்த்து வைக்கிறாராம். ரம்மி முழுக்க விட்டுவிட்டாரா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டு நண்பர்களுக்கு: எங்கள் நிரல் முழுவதும் லேபில் மூன்றாம் வரிசை, ஜன்னலோர மெஷினில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் புலியாக மட்டும்தான் ஆடத் தெரியும். ஆடாக ஆட இன்னும் எழுதவில்லை. அது கஷ்டம். 15 ஆட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2 ஜி.பி. போனில் புலி யோசிக்க நாலு நொடி ஆகிறது, அதையும் குறைக்க வேண்டும். ஆறு ஆடு விதியும் வேண்டும் என்று திருநெல்வேலிப் பாட்டி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாராவது எடுத்துச் செய்கிறீர்களா?